அக்கா கைக்கு வந்த வாக்குத்தத்தம்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் தஞ்சோங் காராங் சபையில் ஒரு தட்டு வரும். அதில் கவிழ்த்துப் போட்ட வேதவசன அட்டைகள். எடுக்கும்போது கைக்கு வருவதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்குத்தத்தம். இம்முறை அக்காவுக்கு வந்தது மோசே சொன்னது: உங்கள் சகோதரர் நடுவிலிருந்து என்னைப்போல ஒரு தீர்க்கதரிசி எழும்புவார் என்பது.

அந்தத் தீர்க்கதரிசி தன் மகன்தான் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள்.

மகனுக்குச் சபாக் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. போன மாதம்தான் நிரந்தரமானது. அதை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் படிக்கப் போ என்றாள். அவன் மறுக்கவும் உபவாசம் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குச் சுகர் வேற இருக்கு மாமா. நீங்க வந்து பேசுங்க லா" என்று மகன் எனக்குப் போன் செய்தான்.

வயல்களின் ஓரமாக அக்கா வீட்டுக்குக் கார் ஓட்டிப் போனேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் உறுத்தியது.

"மோசே சொன்னவரு வந்தாச்சுக்கா. இயேசுதான். பேதுருவே ஆலயத்துல நின்னு சொல்லிட்டாரு" என்றேன்.

"சண்டே ஸ்கூல்ல ஒனக்கு அத சொல்லிக் குடுத்ததே நான்தான்டா. அப்பறம் ஏன் அது என் கைக்கு வந்துச்சு?"

"யாரு கைக்கு வந்தாலும் அது அவரப் பத்தினதுதான்க்கா. சனங்களுக்கும் கடவுளுக்கும் நடுவுல மோசே நின்னாரு. அப்படி நிக்கத்தான் இயேசு நம்மள மாதிரி ரத்தமும் சதையுமா பொறந்தாரு. அந்த எடம் காலியா இல்ல."

அக்காவின் முகம் வற்றிப்போனது.

"ரெண்டு புள்ளைங்கள வயித்துலயே எடுத்துக்கிட்டாரு கர்த்தர். இவன ஒமக்கே தரேன்னு சொல்லித்தான் பெத்தேன். தோட்டத்து லயத்துல பொறந்தவன் அவருக்கு வேணாமா?"

சரியானதைச் சொல்லி ஒரு தாயை வெறுங்கையாக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசற்படியில் நின்ற மகன் பேசினான். "அவருக்குச் செவிகொடுங்கன்னுதானம்மா அந்த வசனம் முடியுது. அட்டையில அத போடல. மில்லுல நின்னும் நான் அவருக்குச் செவிகொடுக்கலாம்."

"ரெண்டு பாஸ்டர் வந்துட்டீங்க எனக்கு" என்றாள் அக்கா. பிறகு, யாரையும் பார்க்காமல், "போ. மில்லுக்கே போ."

சோறு போட்டாள், தனக்கும் சேர்த்து. அந்த வீட்டில் சாப்பாட்டு ஜெபம் எப்போதும் அவளுடையது. இன்று, "நீயே பண்ணு" என்றாள் என்னிடம்.

வந்துவிட்ட இயேசுவுக்கு நன்றி சொன்னேன். அதோடு முடித்தேன். ஆமென் என்றது மகன் மட்டும். அக்கா கண்ணைத் திறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நாங்கள் தட்டில் கை வைக்காமல் காத்திருந்தோம்.