ரதிக்குச் சொன்ன செய்தி

முகத்துவாரத்து மாடிக் குடியிருப்பில் ரபீக்காவின் அடுத்த வீட்டுக்காரி ரதி. பிறவியிலேயே காது கேளாதவள். கணவன் புஷ்பராஜ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பழகிய புதிதில் ரபீக்கா நல்லது செய்வதாக நினைத்து, கடையிலும் கிளினிக்கிலும் ரதிக்காகத் தானே முந்திக்கொண்டு பேசிவிடுவாள். ஒருநாள் ரதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். முதலில் என்னைக் கேள், பிறகு அவர்களுக்குச் சொல் என்று சைகையில் காட்டினாள். ரபீக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விட்டுவிடவில்லை. ஓய்ந்த நேரமெல்லாம் ரதியிடமே சைகைமொழி கற்றுக்கொண்டாள்.

போன மாரியில் சரக்குச் சரிந்து புஷ்பராஜ் அடிபட்டான். இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் வேலைசெய்யும் ரதியின் அண்ணன் சுடலைமுத்து முன்னமே வந்திருந்தான். டாக்டர் வெளியே வந்து அவனிடம் மட்டும் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இப்ப அவகிட்ட சொல்லாதீங்க. தாங்கமாட்டா. எல்லாம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்" என்றான் ரபீக்காவிடம்.

ரபீக்காவுக்கும் சொல்லத் தைரியமில்லை; தலையைக் குனிந்துகொண்டாள். ரதி அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள்.

இல்லை என்று ரபீக்காவின் கை சொன்னது.

அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல் ரதியிடமிருந்து எழுந்தது. அழுது ஓய்ந்ததும், அவரைப் பார்க்க வேண்டும் என்றாள். சுடலைமுத்து வேண்டாமென்று மறித்தான்.

"நான் கேக்கல்ல, அவ கேக்குறா. அவட புருஷன்" என்றாள் ரபீக்கா.

அவன் வழிவிட்டான். ரதி தனியாகவே உள்ளே போனாள்.

செத்தவீட்டில் ரபீக்காவின் முகத்தை எவரும் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாளே, ஈவிரக்கமில்லாதவள் என்று பேசிக்கொண்டார்கள். ரதி குடியிருந்த வீட்டை, அதன் சொந்தக்காரியான புஷ்பராஜின் தமக்கை திருப்பிக் கேட்டாள். தன் வீட்டில் வந்திருக்கும்படி ரபீக்கா ரதியை அழைத்தாள். ரதி, அட்டனில் இருக்கும் அண்ணன் குடும்பத்தோடு போய் இருக்கிறேன் என்றாள். ரபீக்கா வற்புறுத்தவில்லை, ரதியின் தையல் மெஷினைக் கட்டிக்கொடுத்தாள்.

அட்டனில் அந்த வீட்டில் சைகை தெரிந்தவர் ஒருவருமில்லை. ரதி ரபீக்காவுக்குப் போனில் வீடியோ அழைப்பு எடுப்பாள். மழை நாட்களில் சிக்னல் அறுந்து படம் உறையும். அவள் கைகள் பாதிச் சொல்லில் நிற்கும். ரபீக்கா திரும்ப எடுத்து, என்ன சொன்னாய் என்று கேட்பாள்.