சுவரை நக்கிய ஆடுகளும் ரஞ்சினி டொக்டரும்

ரஞ்சினி டொக்டர் காலமான செய்தி வந்தபோது, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு என் கணவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் அவர் சரிந்துவிடுவார். "ஓம், ஓம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அழுவதற்கும் கை ஓய வேண்டியிருந்தது.

அந்தியேட்டி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களுக்கு அவர் வேலணைப் பக்கத்து மிருக வைத்தியர். புளியங்கூடலில் என் படலையைத் தட்டாமல் உள்ளே வரக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

கணவர் பாரிசவாதத்தில் விழுந்த பிறகு நான் வீட்டைவிட்டு அகல்வதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். எனக்கென்று மிஞ்சியது ஆடு வளர்ப்பு ஒன்றுதான். ஒரு மாரியில் அவையும் மெலிந்து, தாடைக்குக் கீழே வீங்கி, ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. உயிரோடிருந்தவை வீட்டுச் சுவரின் சுண்ணாம்பை நக்கித் தின்றன. குறும்பு என்று நினைத்து எல்லாவற்றையும் பின்வளவில் கயிற்றைக் குறுக்கிக் கட்டிவிட்டேன்.

டொக்டர் வந்து ஒரு மறியாட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பே இல்லை.

"அக்கா, இது குறும்பில்லை. உடம்பில தாதுச்சத்துக் குறைஞ்சுபோச்சு. அதுதான் சுவரைத் தேடுதுகள்."

"கடற்காத்தில வளருற ஆட்டுக்கு உப்புக் குறையுமே, டொக்டர்?" என்றேன் எரிச்சலோடு. ஊரில் யாரும் இப்படித்தான் கேட்பார்கள்.

"கடல் தாறது கறியுப்பு. செம்பு, பொஸ்பரசு வேற. வயித்துப் புழு இரத்தத்தைக் குடிக்குது, குடலையும் கெடுக்குது. பிறகு தின்னுற சத்து உடம்பில ஒட்டாது. சத்தில்லாத உடம்பு புழுவை எதிர்க்காது. குறுக்கக் கட்டினதால தங்கட புழுக்கை விழுந்த புல்லையே தின்னுதுகள். புழு திரும்ப உள்ள போகுது."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர் ஆட்டைப் பற்றித்தான் சொன்னார். சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்கும் என்னைப் பற்றிச் சொன்னதாகவே எனக்குக் கேட்டது.

புழு மருந்து பருக்கினார், தாதுக்கட்டியைத் தொங்கவிட்டார். "ஒண்டை மட்டும் குடுத்தால் சரிவராது. ஆடுகளையும் இண்டைக்கே தரவைப் பக்கம் மாத்திக் கட்டவேணும்."

"ஆர் கொண்டுபோறது? இவரை விட்டிட்டு எனக்கு ஏலாது."

டொக்டர் சப்பாத்தைக் கழற்றினார். குசினியில் கை கழுவிவிட்டு வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டார். "நான் ஐயாவோட இருக்கிறன். ஆறுதலாப் போட்டு வாங்கோ."

ஆடுகளைத் தரவைப் புல்வெளிக்குச் சாய்த்துக்கொண்டு போனேன். கட்டைகளை அடித்து முடித்த பிறகும் திரும்ப மனம் வரவில்லை. அந்த வெளியில் காற்றுப்பட சும்மா நின்றேன். வீட்டுக்கு வந்தபோது டொக்டர் பத்திரிகையில் மரண அறிவித்தல்கள் வாசித்துக்கொண்டிருந்தார். இவர் கோணிய வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"செத்த ஆக்களில பாதிப் பேரை ஐயாவுக்குப் பிடிக்காதாம்," என்றார் டொக்டர்.

ஆடுகள் தேறிச் சுவரை மறந்த பிறகும் அவர் வந்தார். "ஆடு பாக்க வந்தனான்" என்பார். ஆட்டுப் பக்கம் போகாமல் நேரே கதிரையில் போய் இருப்பார். நான் வெளியே இறங்குவேன்.

ஆடுகளின் கட்டையை இன்றும் இடம் மாற்றி மாற்றித்தான் அடிக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தப் பழக்கமும் தரவையில் நின்ற அந்தக் கொஞ்ச நேரமும்தான்.

இறுதிக்கிரியை யாழ்ப்பாணத்தில் நடந்தது. பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பால்தான் போகிறது. சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, இவரோடு யாரை இருத்திவிட்டுப் போகலாம் என்று யோசித்தேன். ரஞ்சினி டொக்டரைத் தவிர வேறு ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.