வெளுத்த நாரை

"அக்கா, சாம்பல் நாரை எண்டு எழுதி அனுப்பியிருக்கிறியள். படத்தில நிக்கிறது வெள்ளைக் கொக்கெல்லோ?"

பறவைப் படக் கண்காட்சி வைக்கிற சிவானுஜா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது லோஜினி கந்தோரில் வேலையாக இருந்தாள். நாளைக்குள் சரியான படம் வராவிட்டால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். நாரைதான், நாரையேதான் என்று சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. இது சுகிர்தன் பார்த்த வேலை.

சுகிர்தன் அவளுடைய புருஷன். திருகோணமலையில் கலியாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருப்பவன். கெட்டிக்காரன், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எந்த மணப்பெண்ணின் முகத்தைத் திரையில் கண்டாலும் அவன் கை தன்பாட்டில் போய் அதை வெளுக்கவைக்கும். பெண் வீட்டாரும் அதைத்தான் கேட்கிறார்கள். செய்து செய்து பழகி, இப்போது கேட்காதவர்களுக்கும் செய்கிறான்.

லோஜினிக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததும் அந்த ஸ்டூடியோவால்தான். மூலையில் சும்மா கிடந்த பழைய கமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை குச்சவெளி பஸ்ஸில் ஏறினாள். அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் கடலோரக் களப்புக் கரைதான். வெயில் ஏறிவிட்டால் அவளுக்குப் பிடிக்காது. விடிகிற நேரத்து மங்கல் வெளிச்சத்தில்தான் நாரையின் சாம்பல் சாம்பலாக இருக்கும் என்பாள். அந்த வெளிச்சத்தில் எடுப்பது லேசான காரியமில்லை. பறவை அசைந்தால் படம் கலங்கும். வெளிச்சம் போதாதென்று கமராவில் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் படம் முழுக்கப் புள்ளி விழும். நாரை நின்றது நின்றபடி நிற்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தது இந்தப் படம். அந்த மங்கலிலும் முதுகு இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் பெயரோடு ஊரார் பார்க்கச் சுவரில் தொங்கப்போகிற முதல் படம் அது. புள்ளியைக் குறைத்து, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் கூட்டி அனுப்பச் சொல்லித்தான் கமரா கார்டைச் சுகிர்தனிடம் கொடுத்தாள். வேறெதிலும் கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

கந்தோர் விட்டதும் நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள். திரையில் நாரை சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி நின்றது. களப்புத் தண்ணீர் ஹோட்டல் விளம்பரத்து நீலத்தில் இருந்தது.

"இருட்டாக் கிடந்தது லோஜி. கொஞ்சம் எடுப்பாக்கி விட்டனான். வடிவா இல்லையோ?"

"கழுத்தில இருந்த கறுப்புக் கோடெல்லாம் எங்க?"

"அதுகள் அழுக்கெண்டு நினைச்சுத் துடைச்சுப்போட்டன்."

லோஜினி அவனை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் உட்கார்ந்தாள். இருட்டுக்குள் கிடப்பதை வெளியே எடுக்கலாம். வெளுத்து எரிந்துபோனதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. வெள்ளையைக் குறைக்கக் குறைக்க நாரை கைதுடைக்கிற துணியின் நிறத்துக்கு வந்ததே தவிர, இறகு ஒன்றுகூட வரவில்லை.

"நான் தந்த கார்ட் எங்க?"

"நாளைக்குக் கலியாணம் இருக்கெல்லோ. அழிச்சுப்போட்டன். வேலை முடிஞ்சா நாங்கள் ஒண்டையும் வைக்கிறேல்லைத்தானே."

ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்று தெரிந்திருந்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது. கெடுதல் நினைத்தவனோடு சண்டையாவது பிடிக்கலாம்.

"ஆர் பாத்தாலும் வடிவெண்டுதான் சொல்லுவினம்" என்றான் அவன். "எங்கட கலியாணப் படமும் நான்தானே செய்தனான். ஆரும் குறை சொன்னவையோ?"

"குறை சொல்லேல்லை. ஈச்சிலம்பற்றில எங்கட ஊர்ச் சனம் பாத்துப்போட்டுப் பொம்பிளை ஆரெண்டு கேட்டதுகள்."

சிரிக்கப்போனவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அந்தக் கலியாண அல்பத்தை நான் ஏன் திறக்கிறேல்லை எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை" என்றாள் லோஜினி. "அதில நான் இல்லை. நீங்கள் கை வைக்காத படம் ஒண்டெண்டாலும் இருக்கோ?"

சுகிர்தன் அலுமாரியைத் திறந்தான். பழைய சீடிக்களைக் கிளறினான், கொம்பியூட்டரில் தேடினான், மறுபடி அலுமாரிக்கு வந்தான். கடைசியில் அவளைப் பார்க்காமலேதான் சொன்னான்.

"அதுவும் இல்லை, லோஜி."

அவள் சிவானுஜாவுக்குத் தொலைபேசி எடுத்து, தன் இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். பொழுது சாய்ந்து ஸ்டூடியோ மங்கியிருந்தது. சுகிர்தன் சுவிட்சுக்குக் கை கொண்டுபோனான்.

"லைட்டைப் போடாதேங்கோ" என்று சொல்லிக் மேசையில் கிடந்த கமராவை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவடியில் போய் நின்றாள். "இப்ப என்னை எடுங்கோ."

எடுத்தான். கமராவின் சின்னத் திரையில் கறுப்பாக, கண் சிவந்து, மூக்கில் எண்ணெய் மினுங்க அவளேதான் நின்றாள். சுகிர்தன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பழக்கதோஷத்தில் கார்டைக் கழற்றிக்கொண்டு கொம்பியூட்டர் பக்கம் திரும்பினான்.

லோஜினி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.