நாங்கள் கப்பலில் போகாத கோடை

என் கணவர் இருபது வருடங்களுக்கு மேலாக ரொறன்ரோவிலிருந்து மேற்கே ட்ரக் ஓடினார். பெரும்பாலும் வின்னிபெக் வரை, சில வேளை அதையும் தாண்டி கல்கரிக்கு. ஞாயிறு பின்னேரம் புறப்பட்டால் கிழமைக் கடைசியில்தான் வீடு திரும்புவார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டு, ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் இருக்கும் எங்கள் வீட்டில் மகளை வளர்த்தேன். நாள்தோறும் பின்னேரம் அவரிடமிருந்து போன் வரும்.

“எங்க நிக்கிறியள்?”

“வாவாவுக்குக் கிட்ட.”

“அங்க என்ன தெரியுது?”

“மரம். தண்ணி.”

வாவா மேற்கே போகும் வழியில் ஒரு சின்ன ஊர். கோடையென்றாலும் பனிக்காலமென்றாலும் இதே பதில்தான். பிறகு மகளின் படிப்பைக் கேட்பார், வாசலில் பனி வழித்தாயிற்றா என்று கேட்பார், வைத்துவிடுவார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பேன். என்னோடு வாழும் மனிதர் தன் நாட்களில் பாதியை எங்கே கழிக்கிறார் என்று எனக்குக் கற்பனை செய்யக்கூடத் தெரியவில்லை. சட்பரிக்கு அப்பால் நான் போனதே கிடையாது.

அவர் வேலையை விட்ட வருடம், மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்தாள். றிச்மண்ட் ஹில்லிலிருந்து என் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அவர்கள் இருவரும் வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பலில் போவதென்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். எங்களையும் சேர்த்து அனுப்புவதுதான் மகளின் திட்டம்.

“அம்மா, பால்கனி இருக்கிற ரூம். கதவைத் திறந்தா மலை, கடல், வேல் எல்லாம் தெரியும்,” என்று படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். வேல் என்று அவள் சொன்னது திமிங்கலத்தை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“சமையல் இல்லை, பாத்திரம் கழுவிற வேலை இல்லை,” என்றாள் அக்கா. “பெட்டியை ஒருக்காத் திறந்தாப் போதும். காடு, மலை எல்லாம் தானா வந்து எங்களுக்கு முன்னால நிக்கும். உனக்கு முழங்காலும் ஏலாது. வேற என்னடி வேணும்?”

என் கணவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “ஓம், நான் ஸ்டியரிங் பிடிச்சது காணும். இனி ஆரும் ஓட்டட்டும், நான் சாய்ஞ்சிருந்து பாக்கிறன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அந்தப் படங்கள் பிடித்துத்தான் இருந்தன. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

“நான் ரோட்டால போகோணும்.”

“எங்க?” என்றாள் அக்கா.

“அதே அலாஸ்காவுக்குத்தான். ஆனா ரோட்டால. இவர் ஓடின ரோட்டால.”

“அம்மா, ஆர் யூ சீரியஸ்?” என்றாள் மகள்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ரோட்டில என்ன கிடக்கு? நீர் பாக்கிறதுக்கு அங்க ஒண்டும் இல்லை. மரம். தண்ணி.”

“அதைத்தான் நான் பாக்கோணும்.”

அக்கா பேச்சை மாற்றினாள். அதற்குப் பிறகு பல நாட்கள் வீட்டில் யாரும் பயணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. அவருக்கு அது விடுமுறையே அல்ல, திரும்பவும் வேலைக்குப் போவது என்று எனக்கு விளங்கியது. கப்பலுக்கே சம்மதித்துவிடலாம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை குப்பைத் தொட்டியை உள்ளே எடுக்கப் போனபோது, அவர் எங்கள் பழைய வான் வண்டியின் அடியில் குனிந்து ரயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலும் மாத்தோணும்,” என்றார், நிமிராமலே. “கல்லு ரோட்டுக்கு உது தாங்காது.”

அதுதான் அவர் சம்மதம் சொன்ன விதம். அக்காவும் அத்தானும் கப்பலில் வருவதென்றும், அலாஸ்காவில் ஸ்காக்வே என்ற துறைமுக ஊரில் கப்பல் நிற்கும் அன்று நாங்கள் அங்கே போய் அவர்களைச் சந்திப்பதென்றும் ஏற்பாடு. கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகோனிலிருந்து அந்த ஊருக்கு ரோட்டு இருக்கிறது என்று என் கணவர்தான் வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டினார்.

ஜூன் தொடக்கத்தில் புறப்பட்டோம். சூ செயின்ற் மரி என்ற ஊரைத் தாண்டியதும் அவர் ஆள் மாறிப்போனார். எந்த வளைவில் கடமான் குறுக்கே வரும், எந்த ஏற்றத்தில் பனிக்காலத்தில் ட்ரக் பின்னால் வழுக்கும், எந்தக் கடையில் தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். வாவா வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ட்ரக்குகள் ஒதுங்கும் ஒரு வெளியைக் காட்டி வேகத்தைக் குறைத்தார்.

“இதிலதான் நான் படுக்கிறனான். எத்தினை தரம் எண்டு கணக்கில்லை.”

“நிப்பாட்டுங்கோ.”

“இதில என்ன இருக்கு?”

“நீங்கள் படுத்த இடம் இருக்கு.”

சிரித்துக்கொண்டே நிறுத்தினார். சரளைக் கல் வெளி, ஒரு குப்பைத் தொட்டி, பிறகு அடர்ந்த தேவதாரு மரங்கள். இறங்கி நின்றேன். மரங்களுக்குப் பின்னாலிருந்து ஓர் இரைச்சல் வந்தது. நின்று நின்று வந்தது.

“அது என்ன சத்தம்?”

“காத்து. எந்த நாளும் கேக்கும். அதைக் கேட்டுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுறனான்.”

ஆனால் மர நுனிகள் அசையவில்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை மரங்களுக்குள் போனது. நான் நடந்தேன். “கரடி நிக்கும், வாரும் இஞ்சால,” என்று பின்னால் கத்தியவர், பிறகு தானும் வந்தார். பாசி படர்ந்த வேர்களைத் தாண்டி, என் முழங்காலைக் கெஞ்சிக் கெஞ்சி, ஒரு சிறிய இறக்கத்தில் இறங்கினோம். மரங்கள் சட்டென்று முடிந்தன.

நான் கடலைக் கண்டவள். ஆனால் இப்படியொரு தண்ணீரை எதிர்பார்க்கவில்லை. சுப்பீரியர் ஏரி வானம் தொடும் இடம் வரை கிடந்தது, அக்கரை என்று ஒன்று இல்லை. இடது பக்கம் செங்குத்தான பாறைச் சுவர் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதன் மேல் நின்ற மரங்கள் புல்லுப்போலத் தெரிந்தன. அலைகள் கரையில் விழுந்து பின்வாங்கும்போது, இளஞ்சிவப்பும் சாம்பலும் பச்சையுமான கூழாங்கற்கள் ஒன்றையொன்று உருட்டிக்கொண்டு இரைந்தன. அவர் காற்று என்று நினைத்தது இதைத்தான். தண்ணீர் அவ்வளவு தெளிவு. ஆழத்தில் கிடந்த கல்லின் கோடுகள்கூடத் தெரிந்தன. ஒரு மனிதரும் இல்லை. மனிதர் இல்லையென்று அந்த இடத்துக்குக் குறையும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவர் மரங்களின் ஓரத்திலேயே நின்றிருந்தார்.

“எனக்குத் தெரியாது,” என்றார்.

“என்ன?”

“உது இஞ்ச இருக்கெண்டு எனக்குத் தெரியாது. ரோட்டில போகேக்க அங்கங்க தண்ணி தெரியும். ஆனா இது…” கையை விரித்தார், பிறகு கீழே போட்டார். “இவ்வளவு கிட்டக் கிடந்திருக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறன்.”

சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கினார். குளிர் தாங்காமல் “ஐயோ” என்று கத்தினார். ஆனால் வெளியே வரவில்லை. பாறைச் சுவரை நிமிர்ந்து பார்த்தபடி, முழங்காலளவு தண்ணீரில், ஒரு சின்னப் பிள்ளையைப்போல வாயைத் திறந்துகொண்டு நின்றார். இத்தனை வருடமும் நான் போனில் கேட்ட கேள்விக்கு அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. பார்ப்பதற்கு அவருக்கு நேரம் தரப்படவில்லை. அன்று வாவாவிலேயே தங்கினோம். மறுநாள் காலை தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு திரும்பவும் அங்கே போனோம்.

அதற்குப் பிறகு புல்வெளி மாகாணங்களில் வானம் பெருத்தது, நிலம் சிறுத்தது. எட்மன்டன் தாண்டியதும் அவருக்கும் தெரியாத நாடு தொடங்கியது. வடக்கே போகப் போகக் காட்டுக்கு முடிவே இல்லாமல் போனது. ஒரு மேட்டில் ஏறினால் அடுத்த மேடு வரை மரம். அந்த மேட்டில் ஏறினால் திரும்பவும் மரம். வீடு இல்லை, வேலி இல்லை, போன் வேலை செய்யவில்லை. முதல் நாள் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாம் நாள், எங்களுக்காக உண்டாக்கப்படாத ஓர் இடத்தின் வழியே அனுமதி வாங்கிப் போவதுபோல, இருவரும் தாழ்ந்த குரலில் கதைக்கத் தொடங்கினோம்.

லியார்ட் ஆற்றை அண்டிய ரோட்டில் ஒரு வளைவைத் திரும்பியதும் அவர் பிரேக்கை மெல்ல அழுத்தினார். ரோட்டு முழுவதும் காட்டெருமைகள். இங்கே பைசன் என்பார்கள். கபில நிறக் குன்றுகள் எழுந்து நடப்பதுபோல வந்தன. நடுவில் செம்மண் நிறத்தில் கன்றுகள், தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு.

“ஹோர்ன் அடிப்பமா?” என்று கேட்டேன்.

“சத்தம் போடாதையும்.” எஞ்சினை நிறுத்தினார்.

அவை எங்களைச் சுற்றி ஒழுகின. குளம்புகள் தாரில் பதியும் சத்தமும் மூச்சு விடும் சத்தமும் மட்டும். பெரியதொரு கிடா என் பக்கத்துக் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது. அதன் தலை எங்கள் வானின் கதவளவு இருந்தது. தாடியில் சேறும் புல்லும். ஒரு கரிய கண் என்னைப் பார்த்தது; கோபமாக அல்ல, அக்கறையாகவும் அல்ல. அதன் மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படிந்து, மெல்ல மறைந்து, திரும்பப் படிந்தது. எங்களுக்கு இடையில் இருந்தது அந்தக் கண்ணாடி மட்டும். கிடா தலையை ஆட்டிவிட்டு நடந்தது. வானின் பக்கத்தில் அதன் உடல் உரசியபோது நாங்கள் இருவரும் இருக்கையோடு சேர்ந்து ஆடினோம்.

கடைசிக் கன்றும் காட்டுக்குள் போன பிறகும் அவர் சாவியைத் திருப்பவில்லை.

“இவ்வளவு காலம் ரோட்டு எங்கட எண்டு நினைச்சுக்கொண்டு ஓடியிருக்கிறன்,” என்றார்.

ஸ்காக்வேக்கு இறங்கும் ரோட்டு மேகத்துக்குள்ளால் போகிறது. அமெரிக்க எல்லையில் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு, பனி உருகிக் கொட்டும் பாறைகளின் நடுவே இறங்கினோம். கீழே, மலைகளுக்கிடையில் நுழைந்த கடலின் ஒடுங்கிய முனையில், ஊரைவிடப் பெரிதாக அந்த வெள்ளைக் கப்பல் நின்றது. பல மாடிக் கட்டடத் தொகுதி ஒன்றையே இழுத்து வந்து கட்டிவிட்டதுபோல. அதைப் பார்த்ததும், இவ்வளவு பெரிய ஒன்று தண்ணீரில் மிதந்து இந்த இடுக்குக்குள் வந்திருக்கிறதே என்று எனக்கு உண்மையாகவே மலைப்பாகத்தான் இருந்தது.

அக்கா துறைமுக வாசலில் நின்றாள். கட்டிப்பிடித்தாள். சாப்பாடு, நீச்சல்குளம், பக்கத்து அறைக்காரர் என்று ஒரு மூச்சில் எல்லாம் சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவள் என்னைத் தன் பக்கத்தில் ஒரு மர வாங்கில் இருத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நேற்று ஐஸ் மலைக்குக் கிட்டக் கொண்டுபோனவங்கள்,” என்றாள். “கடலுக்குள்ள வந்து நிக்குது. நீலம். அப்பிடியொரு நீலம் நான் சீலையிலகூடக் காணேல்லை. கப்பல் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டாங்கள். அவ்வளவு சனமும் மேல்தட்டில நிண்டது, ஒருத்தரும் கதைக்கேல்லை.”

“பிறகு?”

“ஒரு துண்டு கழண்டு விழுந்தது. ஒரு கோயில் கோபுரமளவு வருமடி. விழுந்தது முதல் தெரிஞ்சுது, சத்தம் பிறகுதான் வந்தது. இடி மாதிரி. நெஞ்சுக்குள்ள கேட்டது. பிறகு அலை வந்து அந்தப் பெரிய கப்பலையே தூக்கிப் போட்டுது.” கண்ணைத் துடைத்தாள். “ஏன் அழுதனான் எண்டு எனக்குத் தெரியாது. அத்தானும் அழுதவர். கேட்டால் குளிர் எண்டுவார்.”

எந்த ரோட்டாலும் போய் அந்த நீலச் சுவரின் முன்னால் நிற்க முடியாது. கப்பலில் போயிருந்தால் கண்டிருப்பேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஏக்கம் வந்தது. அதை அவளிடமே சொன்னேன்; எங்கள் கண்ணாடியில் மூச்சு விட்ட காட்டெருமையைப் பற்றியும் சொன்னேன்.

“எனக்கு அந்த எருமையின்ர மூச்சைக் காட்டேலுமோ?” என்றாள் அவள். இருவரும் சிரித்துவிட்டோம். ஒரே வடக்குக்குத்தான் போனோம். அது அவளுக்கு ஒன்றைக் காட்டியது, எனக்கு இன்னொன்றைக் காட்டியது.

பின்னேரம் கப்பல் ஊதியது. மலைகள் அந்தச் சத்தத்தை வாங்கி ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கொடுத்தன. அக்காவும் அத்தானும் பால்கனியிலிருந்து குளியல் துவாயை ஆட்டினார்கள். அத்தனை மாடிகளில் எது அவர்களுடையது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் கரையை விட்டு விலகியது. தெருக்கள் வெறிச்சென்று போயின. கடைக்காரர் ஒருவர் வாசலில் கதிரை போட்டு இருந்தார்.

கப்பல் நின்ற இடத்தில் அதுவரை மறைந்திருந்த மலைச்சுவர் முழுதாகத் தெரிந்தது. உச்சிப் பனியிலிருந்து நூல்நூலாகத் தண்ணீர் இறங்கி, பாறையில் சிதறி, சத்தமே இல்லாமல் கடலில் சேர்ந்துகொண்டிருந்தது. கரைக்குக் கிட்ட ஒரு கடல்நாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

“அங்க பாரும்,” என்று அவர் என் தோளைத் தொட்டார். “அந்த மேல் இடுக்கில. ரெண்டு வெள்ளை. ஆடோ?”

மலையாடுகள்தான். நிற்க இடமே இல்லாத பாறையில் நின்றுகொண்டிருந்தன. அவை அசையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.