தட்டு வராத வாத்தியார்

லம்யாய் அக்காவைப் பகைத்துக்கொண்டவர்கள் நிம்மதியாகத் தூங்கியதில்லை. தாய்லாந்தில், நகோன் பனோமில் பள்ளிக்கூட வாசலில் அவள் கோழி சுடுகிறாள், பக்கத்துக் கடையில் நான் பப்பாளிக்காய் இடித்து சாலட் விற்கிறேன். எனக்குத் தெரியாதா!

அவள் மகள் முக், பதினொரு வயது. தக்ரா ஆட்டம் என்றால் உயிர். பிரம்புப் பந்தை எகிறி உதைப்பாள். மாகாணப் போட்டி நெருங்கும்போது குதிகால் வலிக்கிறதென்று நொண்டினாள். பயிற்சி வாத்தியார் விச்சித் எல்லோர் முன்னாலும், "நடிக்கிறியா? சிமெண்டுல வெறுங்காலோட ஓடு, தானா சரியாப்போகும்" என்றார்.

எங்கள் ஊரில் வாத்தியாரை எதிர்த்துப் பேசும் வழக்கமில்லை. அழுதுகொண்டு வந்தவளை லம்யாயும், "வாத்தியார் சொன்னா சரியாத்தாண்டி இருக்கும், போய் ஓடு" என்று துரத்தினாள். கடைசியில் பிள்ளை குதிகாலை ஊன்ற முடியாமல் நுனிக்காலில் வந்தாள். விச்சித் அவளைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்.

என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசியோதெரபி பார்க்கும் பெண் குதிகாலை இருபுறமும் அமுக்கிப் பார்த்தாள்.

"வளர்ற வயசும்மா. குதிகால் எலும்பு இன்னும் முத்தல, கெண்டைக்கால் தசை அதப் புடிச்சு இழுக்குது. கொஞ்ச நாள் ஓட்டம், குதிப்பு வேணாம். ஷூவுக்குள்ள குதிகாலுக்கு மெத்தை வைங்க, ஐஸ் ஒத்தடம் குடுங்க. வலி அடங்கினதும் கெண்டைக்கால மெதுவா நீட்டிப் பழக்குங்க. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா ஆடலாம்."

"அப்ப நடிக்கலையா?"

"வலியில நொண்டுற பிள்ளைய யாரும்மா அப்படிச் சொன்னது?"

லம்யாய்க்கு முகம் சிவந்துவிட்டது. வாசலுக்கு வந்ததும் பல்லைக் கடித்தாள். "அந்த ஆளு பேச்சக் கேட்டு நானும் பிள்ளைய வெரட்டினேனே! ஊர் பாக்க அவன் மூஞ்சில கரி பூசாம விடமாட்டேன்."

முக்கின் கால் தேறும் வரை அவள் சும்மா இருக்கவில்லை. கோழி வாங்க வந்த தாய்மார்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தாள். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே வலி, அதே ஏச்சு. எல்லோரையும் கைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆசிரியர் வணக்க நாள் வந்தது. அருகம்புல்லும் கத்தரிப்பூவும் வெட்சிப்பூவும் வைத்த தட்டோடு பிள்ளைகள் முழந்தாளிட்டு வாத்தியார்களைக் கும்பிட்டார்கள். மற்றவர்கள் மடியில் தட்டுகள் குவிந்தன. வெள்ளைச் சீருடையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த விச்சித்தின் முன் தக்ராக் குழுவில் ஒருவர்கூடப் போகவில்லை. ஜன்னல் வழியே லம்யாய் கண் கொட்டாமல் பார்த்தாள். எனக்கும் குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் எதற்கு?

பெற்றோர்கள் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். விச்சித்துக்கு வியர்த்தது. சமாளிக்க நினைத்து, தட்டோடு நின்ற முக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, குதிகால் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார். நல்லா நடக்கறேன். உங்க கிட்ட வரத்தான் பிடிக்கல."

நான் லம்யாயைத் திரும்பிப் பார்த்தேன்.

"சத்தியமா அந்தப் பதில நான் சொல்லிக்குடுக்கலடி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.