வாளியில் வந்த வடகடல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி அமாவாசை நாளில், ஹனோவரிலிருந்து வடகடல் கரையிலுள்ள நோர்டைக் என்ற சிற்றூருக்கு நானும் மனைவியும் போனோம். போனோம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு ஒன்பது மணித்தியாலம் பிடித்தது. காரில் போனால் மூன்று.

அதற்கு முந்தைய ஐப்பசியில் மாமா, அதாவது மனைவியின் தகப்பனார், யாழ்ப்பாணத்தில் காலமானார். மனைவியின் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிக்கக் கொடுத்து ஏதோ ஓர் அலுவலக மேசையில் கிடந்தது. செத்தவீட்டை அவள் ஃபோனில்தான் பார்த்தாள். கூடப்பிறந்த ஆண்கள் கிடையாது. மாமா வருடம் தவறாமல் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கடலில் முழுகித் தன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டவர். அவருக்கு விட யாருமில்லையே என்பது அவளுடைய கவலை. மருமகன் செய்யலாமாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு கைப்பிடி எள்ளும் பூவும். கடல் தண்ணியில நானே விடுறன். நீங்கள் கூட்டிக்கொண்டு போனாக் காணும்."

எனக்குக் கிடைத்த வேலை அவ்வளவுதான். அதை நான் சும்மா செய்வேனா? பொதிகள் ஏற்றும் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்து, கண் சொருகச் சொருக, அட்டவணை போட்டேன். வழியில் காற்றாலை பார்க்கும் இடம், கார் நிறுத்தும் இடம், கழிப்பறை, அழகான காட்சியோடு மீன் பாண் விற்கும் கடை. அன்று அவள் பச்சைத் தண்ணீரும் குடிக்காத விரதம். அப்படிப்பட்டவளை மீன் கடைக்குக் கூட்டிப்போகத் திட்டம் போட்டவன் நான்.

ரயிலா, வாடகைக் காரா என்று இரண்டு நாள் ஆராய்ந்து, காரென்று முடிவு செய்தேன். பக்கத்துத் தெருவிலிருந்த சின்னக் கடையொன்றுக்கு ஃபோன் எடுத்தேன். கடைக்காரர் 'ஹல்ப் ஆக்ட்' வரச் சொன்னார். 'அரை எட்டு.' ஜெர்மன்காரருக்கு அது எட்டாவது மணியில் பாதி, அதாவது ஏழரை. பதினாறு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். புதிதாக வருகிற பெடியளுக்கு இதை விளங்கப்படுத்தி, தேத்தண்ணீரும் வாங்கிக் குடித்திருக்கிறேன். ஆனால் நித்திரை தூங்கி வழியும்போது மூளை தாய்மொழிக்குத்தான் ஓடும் போலும். அரையையும் எட்டையும் கூட்டி, அட்டவணையில் எட்டரை என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன்.

எட்டரைக்குப் போனால் கார் இல்லை. முக்கால் மணித்தியாலம் பார்த்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைக்காரர் மரியாதையாக நேரத்தை ஒரு கடதாசித் துண்டில் இலக்கத்தில் எழுதிக் காட்டினார். 7:30. மனைவி அந்தத் துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

"சரி, ரயிலில போவம்," என்றாள்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, இதுவும் நன்மைக்குத்தான், எவ்வளவு வடிவான வயல்கள் என்றேன். வயல்கள் உண்மையிலேயே வடிவுதான். என்ன, அவை தவறான வயல்கள். அந்த ரயில் நடுவழியில் ஒரு நிலையத்தில் இரண்டாகப் பிரியுமாம். முன்பாதி கடலுக்கு, பின்பாதி வேறெங்கோ. அறிவித்தபோது நாங்கள் இருவரும் வாய் திறந்தபடி நித்திரை. அவளும் முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்தவள்தானே. பின்பாதி எங்களை ஒரு சோளத்தோட்டத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனது. திரும்பிவரும் ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம். அவள் பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிலையத்து மரவாங்கில் இருந்தாள். நானும் சேர்ந்து விரதம் என்று காலையில் வீரம் பேசியவன், கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி, இயந்திரத்தில் ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கித் தின்றேன். சட்டையில் தூள் ஒட்டியிருந்தது. அவள் தட்டிவிட்டாள்.

நோர்டைக்கில் இறங்கும்போது பின்னேரம் ஐந்து மணி. கடலைத் தடுக்கும் அணைக்கட்டின் புல்மேட்டில் ஏறினோம். மேலே நின்று பார்த்தால், கடல் இல்லை.

உண்மையாகவே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறு. வடகடல் ஆறு மணித்தியாலம் வரும், ஆறு மணித்தியாலம் போகும். அமாவாசைக்கு இன்னும் தூரப் போகும். இது இங்குள்ள குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். எங்கள் ஊர்க் கடல் முழங்காலளவு வற்றினாலும் அந்த இடத்தில்தான் கிடக்கும். கடல் வீட்டில் இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது என் புத்தியில் படவேயில்லை. பகல் ஒரு மணிபோல் வந்திருந்தால் தண்ணீர் காலடியில் நின்றிருக்குமாம்.

"உங்கட அட்டவணையில கக்கூஸ் கூட இருக்கப்பா," என்றாள். "கடலையும் ஒருக்கா எழுதியிருக்கலாம்."

பதிலுக்குப் பகிடிவிட வாயைத் திறந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. பகிடியை விழுங்கிக்கொண்டு, "நீர் இஞ்சயே இரும், நான் தண்ணி இருக்கிற இடம் பாத்துக்கொண்டு வாறன்," என்று சேற்றில் இறங்கினேன். முப்பதாவது அடியில் முழங்கால் வரை புதைந்தேன். இழுத்த காலோடு சப்பாத்து வரவில்லை. ஒற்றைச் சப்பாத்தோடு கொக்கைப் போல நின்ற என்னைப் பார்த்து, தூரத்தில் சேற்றைக் கிண்டிக்கொண்டிருந்த ஒருவர் முள்மண்வெட்டியோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். தொடைவரை ரப்பர் பூட்ஸ். தூண்டிலுக்குப் புழு பிடிக்கிறவர். கையிலிருந்த வாளியில் பாதிக்குப் புழு.

என்னைப் பிடுங்கிக் கரை சேர்த்துவிட்டு, வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகக்கூடாது, ஆளை விழுங்கும் என்று கண்டித்தார். எதற்காகப் போனாய் என்றும் கேட்டார். நான் அமாவாசையிலிருந்து தொடங்கி ஒரு பெரிய விளக்கம் கொடுக்க வெளிக்கிட்டேன். மனைவி இடையில் மறித்து, தன் முதியோர் இல்லத்து ஜெர்மனில் சுருக்கமாகச் சொன்னாள்.

"என் அப்பா இறந்துவிட்டார். அவருக்குக் கடல் தண்ணீர் வேண்டும்."

அவர் கொஞ்ச நேரம் அவளையும் பூப்பையையும் பார்த்தார்.

"எவ்வளவு வேண்டும்?"

அவள் இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்துக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு பின்னேரம் முழுக்கக் கிண்டிப் பிடித்த புழுக்களைச் சேற்றிலே கொட்டினார். கிட்டத்தட்ட முந்நூறு அடி தள்ளி ஒரு வாய்க்காலில் மட்டும் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. அங்கே போய் வாளியைக் கழுவினார், ஒரு தடவையல்ல, மூன்று தடவை. நிரப்பிக்கொண்டு, சிந்தாமல் மெதுவாக நடந்து வந்தார்.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றின் விளிம்பில் முழங்காலில் இருந்தாள். எள்ளைக் கையில் எடுத்து, தண்ணீரை அள்ளி அள்ளி, மாமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி விட்டாள். செத்தவீட்டன்று அழாதவள், அன்று சத்தமாக அழுதாள். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றினேன்.

கடைசியில் பூக்கள் சேற்றிலேயே கிடந்தன. கடலுக்குப் போகவில்லையே என்று அவள் அவற்றைப் பார்த்தபடி இருந்தாள். அவருக்கு அது எப்படியோ விளங்கிவிட்டது.

"அப்படியே இருக்கட்டும்," என்றார். "தண்ணீர் தானாக வந்து எடுத்துக்கொண்டு போகும்."

நன்றி சொல்லவும் நேரம் தராமல், வாளியை எடுத்துக்கொண்டு புழுக் கிண்டிய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

யாராவது துக்கத்தோடு என்முன் வந்து நின்றால், இப்போதும் முதலில் என் நாக்கில் வருவது பகிடிதான், இரண்டாவதாக வருவது ஆலோசனை. இரண்டையும் தள்ளிவைத்து, எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்க நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.