திருவொற்றியூரில் ஒரு சட்டி லக்சா

காலை 8.10க்குச் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினேன். பீச்சில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறித் திருவொற்றியூரில் இறங்கியபோது மணி பதினொன்று. பையில் எங்கள் தோட்டத்து எலுமிச்சைப்புல் ஒரு கட்டு. இறங்கியதுமே கம்பெனிப் புகை வாடை குப்பென்று அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னாக்கா, மூக்க மூடிக்கினுகீற? ஒரு வாரம் இங்க இரு, பழகிப்பூடும்," என்று சிரித்தார் ஷேர் ஆட்டோக்காரர். கடலோரச் சாலை வரை இருபது ரூபாய்.

பினாங்கில் ஒரே சாப்பாட்டுக் கடையில் என்னோடு ஏழு வருஷம் வேலை பார்த்தவள் பிலோமினா. கொரோனாவில் போன வாசனையும் ருசியும் அவளுக்குத் திரும்பவேயில்லை. அப்படியும் இன்று மாலை வீட்டு வாசலில் லக்சா கடை போடுகிறாள். காரமான தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் மிதக்கும் மலேசியச் சாப்பாடு அது.

"நீ ஒண்ணும் செய்யாத. மோந்து பாத்து சொல்லு, அது போதும். இன்னிக்கு உன் மூக்குதான்டி எனக்கு," என்றாள் பிலோ, நான் வாசலில் கால் வைத்ததுமே.

பன்னிரண்டு மணிக்கு அடுப்பு மூட்டினாள். ஊறிய மிளகாய், சின்ன வெங்காயம், சித்தரத்தை, எலுமிச்சைப்புல், காய்ந்த இறால் எல்லாவற்றையும் அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கினாள். அடேயப்பா, கையில் அதே வேகம்! பிறகு, முந்தின நாளே துருவி ஃப்ரிட்ஜில் வைத்த தேங்காயில் பால் பிழிந்து ஊற்றினாள். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லையாம். கொதி வந்ததும் மெல்ல ஒரு காறல் வாடை எழுந்தது.

"எப்டி கீது?" முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மசாலாவில் அமுங்கிவிடும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

"சூப்பர்டி," என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாலை ஐந்து. கிண்ணம் எண்பது ரூபாய். அரிசி நூடுல்ஸ், இறால், பாதி முட்டை, மேலே குழம்பு. முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அந்தோணி. ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"பிலோக்கா, தேங்கா ஊசிப்போச்சு. மோந்து பாக்கலியா?"

பிலோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நிறைந்த சட்டியை அவளே தூக்கிப்போய்க் கொட்டினாள்.

"அப்பவே சொல்லிருந்தா வேற தேங்கா வாங்கியாந்திருப்பேனே. மூணு மணிக்கெல்லாம் முடிஞ்சிருக்கும்டி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டில் என் கணவர் போடும் காபியைக் கழுநீர் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வேறு போட்டுத் தருவார். பிலோ என்னிடம் கேட்டிருந்ததும் அப்படி நேராகச் சொல்லும் ஒரு வார்த்தையைத்தான்.

6.40க்கு ரயில். ஸ்டேஷனில் அதே புகை வாடை. மூக்கைப் பொத்திக்கொள்ள வெட்கமாக இருந்தது.